பார்த்துக் கட்டும் பக்கங்கள்

மெல்பேணில் வசிக்கும் ஒரு பெண்பிள்ளையிடமிருந்து அண்மையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளது தந்தையாரும் நானும் கொழும்பில் ஒரே பத்திரிகையில் பல வருடங்கள் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். அவர் ஓவியர். வாரமலருக்கு அட்டைப்படமும், சிறுகதைகளுக்குச் சித்திரமும், தலைப்பெழுத்துகளும் வரைந்தவர். இன்று அவர் இல்லை. எஞ்சிய முந்நூறு வரையான சித்திரங்களை மகள் ஸ்கான் செய்து வைத்திருக்கிறாள்.

"மாமா, இவற்றை ஓர் இணையத்தளமாக்க விரும்புகிறேன். நிரல் எழுத எனக்குத் தெரியாது. வெப்ஃப்ளோ என்கிறார்கள், ஃப்ரேமர் என்கிறார்கள், ஸ்குவேர்ஸ்பேஸ், விக்ஸ் என்கிறார்கள். எது அழகாக வரும்? நீங்கள் பக்கம் கட்டின ஆள், நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாள்.

அதே மின்னஞ்சலில் இன்னொன்றையும் எழுதியிருந்தாள். 2006ஆம் ஆண்டில் அவளது தந்தையார் தாமே ஓர் இலவசக் கருவியில் தமது படங்களுக்கு ஒரு தளம் கட்டியிருந்தாராம். ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்தக் கதைக்காக வரையப்பட்டது, யார் எழுதியது, எந்த வாரம் வெளிவந்தது என்று பொறுமையாகத் தட்டச்சு செய்திருந்தாராம். அந்தச் சேவையை நடத்தியவர்கள் சில வருடங்களின் பின் கடையை மூடினார்கள். அறிவித்தல் அவர் பாவிக்காத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போயிற்று. படங்களின் மூலம் வீட்டிலிருந்தது. குறிப்புகள் அந்தத் தளத்தில் மட்டுமே இருந்தன.

எனவே அவள் கேட்ட கேள்விக்கு ஒரு பெயரை மட்டும் எழுதி அனுப்ப என்னால் இயலவில்லை. கண்ணால் பார்த்தபடியே பக்கம் கட்டும் கருவிகளின் கதை முப்பத்தைந்து வருடப் பழைமையுடையது. அதில் இறந்துபோனவையே அதிகம்.

1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னேர்ஸ்-லீ உலகின் முதலாவது இணைய உலாவியை நெக்ஸ்ற் என்னும் கணினியில் எழுதி முடித்தார். பலரும் மறந்துவிடும் செய்தி, அந்த முதல் உலாவியிலேயே பக்கத்தை எழுதவும் முடிந்தது என்பதாகும். பக்கத்தை வாசிக்கின்ற அதே சாளரத்தில் சொற்களைத் திருத்தலாம்; ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து இன்னொரு பக்கத்துடன் இணைக்கலாம். கோணக் குறிகளுக்குள் அடைபட்ட எச்.ரி.எம்.எல். கட்டளைகளை எழுதுபவர் காணவேண்டிய அவசியமேயில்லை. அதாவது, நிரல் தெரியாமல் பக்கம் கட்டுவது என்று இன்று விற்கப்படும் வசதி, இணையத்துடன் கூடப் பிறந்தது.

பின்னர் அது கைநழுவிப் போனது. நெக்ஸ்ற் கணினியை வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. மற்றைய கணினிகளுக்கென வந்த உலாவிகள் வாசிக்க மட்டுமே உதவின. 1993இல் வெளிவந்து இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த மொசாயிக்கிலும் பக்கத்தைத் திருத்தும் வசதி இருக்கவில்லை. வாசிப்பவர் ஒருபுறமும் கட்டளை எழுதத் தெரிந்தவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். இதன்பின் வந்த கருவிகள் யாவும் அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை எனலாம்.

நிரப்ப வந்தவர்கள் தம்முடன் கொண்டுவந்த மனப்பழக்கம் அச்சுத் தாளினுடையது. இங்கே எங்கள் தொழிலின் கதை குறுக்கிடுகிறது. 1985இல் மக்கின்ரோஷ் கணினிக்கென பேஜ்மேக்கரை வெளியிட்ட அல்டஸ் நிறுவனத்தின் நிறுவுநர் போல் பிரெய்னேர்ட், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் பத்திரிகையொன்றில் வேலை செய்தவர். பின்னர் பத்திரிகைகளுக்குக் கணினி அமைப்புகளை வழங்கிய நிறுவனமொன்றிலும் பணியாற்றினார். பதினைந்தாம் நூற்றாண்டின் முடிவில் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய அல்டஸ் மனூசியஸின் பெயரையே தமது நிறுவனத்துக்குச் சூட்டினார். நாங்கள் தொண்ணூறுகளில் கொழும்பில் பேஜ்மேக்கரின் முன் முதன்முதலாக உட்கார்ந்தபோது அடைந்த வியப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. அதுவரை அச்செடுத்த பத்திகளைக் கத்தரித்து, பசை தடவி, பெரிய தாளில் நேராக ஒட்டுவதுதான் பக்கம் கட்டுதல். ஒரு வரி கூடினால் சவரத்தகட்டால் வெட்டி எடுப்போம். அந்த வேலை முழுவதும் திரைக்குள் போய்விட்டது. என் நண்பரான ஓவியர் மட்டும், "தாள் தாள்தானே, பசைதான் மாறியிருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. திரையில் இருந்தாலும் அது தாள்தான். அகலம் இத்தனை, உயரம் இத்தனை என்று அளவு மாறாத தாள். வாசகன் கையில் போய்ச் சேரும்போதும் அதே அளவில்தான் சேரும். ஆனால் இணையப் பக்கம் யாருடைய திரையில், எந்த அகலத்தில், எந்த எழுத்துருவில் விரியப் போகிறது என்பது அதைக் கட்டுகிறவருக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இதனை அழகுக்கு நேர்ந்த குறையாகவே வடிவமைப்பாளர்கள் கருதினர்.

1994இல் சார்ள்ஸ் பேர்குசன், ரண்டி ஃபோர்கார்ட் என்னும் இருவர் ஓவியர் வெர்மீரின் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி ஃப்ரண்ட்பேஜ் என்ற கருவியைச் செய்தார்கள். 1996 ஜனவரியில் மைக்ரோசொஃப்ற் அதனை ஏறத்தாழ 130 மில்லியன் டொலருக்கு வாங்கியது. (பேர்குசன் பின்னர் திரைப்படத்துறைக்குப் போய், 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி பற்றிய 'இன்சைட் ஜொப்' ஆவணப்படத்துக்காக 2011இல் ஒஸ்கார் விருது பெற்றார் என்பது ஒரு சுவையான கிளைக்கதை.) ஃப்ரண்ட்பேஜால் எழுத்தர்களும் ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் பக்கம் கட்டினார்கள். அது எழுதித் தள்ளிய எச்.ரி.எம்.எல்.லோ, தேவையற்ற கட்டளைகள் மலிந்த ஒரு குப்பை. அதன் சில வசதிகள் இயங்குவதற்கு வழங்கி நடத்துபவரும் ஃப்ரண்ட்பேஜுக்கான தனி நீட்சிகளை நிறுவியிருக்க வேண்டும். கருவியை விட்டுப் பிரிந்தால் பக்கத்தின் பாதி செயலிழக்கும் என்ற நிலை அப்போதே ஆரம்பமாகிவிட்டது. 2003ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசி. 2006இல் மைக்ரோசொஃப்ற் அதனைக் கைவிட்டது.

அதே 1996இல் டேவிட் சீகல் என்ற வடிவமைப்பாளர், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படங்களையும் அட்டவணைக் கட்டங்களையும் கொண்டு பக்கத்தை அச்சுப் பக்கம்போல் இறுக்கிக் கட்டும் வித்தையைத் தமது நூலில் பரப்பினார். உலகமே அதைப் பின்பற்றியது. அடுத்த வருடமே, இணையத்தைக் கெடுத்தவன் நான்தான் என்ற பொருள்படத் தலைப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். வடிவமைப்பு வரலாற்றில் இவ்வளவு விரைவாகத் தம் தவற்றை ஒப்புக்கொண்டவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உரையையும் தோற்றத்தையும் பிரித்துவைக்கும் சி.எஸ்.எஸ். விதிமுறை 1996 டிசெம்பரிலேயே வெளியாகிவிட்டபோதிலும், உலாவிகள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் பிடித்தன.

மக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் 1997 டிசெம்பரில் வந்தது. அது நேர்மையான கருவி. ஒருபுறம் தோற்றத்தையும் மறுபுறம் கட்டளைகளையும் காட்டியது; நாம் கையால் எழுதியதைக் கலைக்காமல் விட்டது; எல்லாவற்றிலும் மேலாக, முடிவில் கோப்புகள் நம் கணினியிலேயே இருந்தன. அதே நிறுவனத்தின் ஃப்ளாஷ் வேறு வழியில் சென்றது. அசைவு, இசை, விரும்பிய எழுத்து, விரும்பிய இடம் எல்லாம் அதில் கிடைத்தன. 2000ஐ ஒட்டிய வருடங்களில் புகைப்படக் கலைஞர்களும் ஓவியர்களும் தங்கள் தளங்களை ஃப்ளாஷிலேயே செய்தார்கள். அழகென்று பார்த்தால் அவற்றுக்கு இணையானவை இன்றும் குறைவு. ஆனால் அவை ஒரு மூடிய பெட்டி. 2007இல் வந்த ஐ-போனில் ஃப்ளாஷ் இயங்கவில்லை. 2010இல் ஸ்ரீவ் ஜொப்ஸ் அதற்கான காரணங்களை வெளிப்படையாக எழுதினார். 2020 டிசெம்பர் 31உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. தளங்கள் வழங்கிகளில் கிடக்கின்றன. சாதாரண உலாவியில் திறந்தால் வெற்றுக் கட்டம்.

இலவச இடங்களின் கதி இதைவிட மோசம். 1994இல் தொடங்கிய ஜியோசிற்றீஸை 1999இல் யாஹூ ஏறத்தாழ மூன்றரை பில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்கியது. பத்து வருடங்களின் பின், 2009 ஒக்டோபரில், ஜப்பான் தவிர்ந்த இடங்களில் அதை மூடியது. ஜேசன் ஸ்கொற் முதலிய ஆவணக் காப்பு ஆர்வலர்கள் அவசரமாக அள்ளியெடுத்தவை மட்டுமே மிஞ்சின. அப்பிள் 2006இல் வெளியிட்ட ஐ-வெப் மிக அழகிய வார்ப்புருக்களைக் கொண்டிருந்தது. அது சார்ந்திருந்த மொபைல்மீ சேவை 2012 ஜூன் 30இல் நின்றது.

வடிவமைப்பாளர்களுக்கென்றே செய்யப்பட்ட அடோபி மியூஸின் கதையைத்தான் அந்தப் பிள்ளைக்கு நான் விரிவாக எழுதினேன். 2012இல் முதற் பதிப்பாக வந்த மியூஸ், பேஜ்மேக்கரின் வாரிசான இன்டிசைனில் பழகியவர்களுக்குப் பிறந்தவீடு போன்றது. பெட்டியை இழு, வேண்டிய இடத்தில் வை, வெளியிடு. ஆனால் அது தோன்றிய வேளை தவறானது. 2010 மே மாதத்திலேயே ஈதன் மார்கோற் என்ற வடிவமைப்பாளர், ஒரே பக்கம் எல்லாத் திரைகளுக்கும் தன்னை நெகிழ்த்திக்கொள்ளும் முறையைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதிவிட்டார். தாள் இனி இல்லை என்று உலகம் உணரத் தொடங்கிய நேரத்தில் மியூஸ் தாளுடன் வந்தது. கைபேசிக்கு வேறாக ஒரு பக்கத்தை வரையவேண்டியிருந்தது. பின்னர் நெகிழும் வசதியைச் சேர்த்தார்கள். அது ஒட்டுப்போட்ட சட்டையாகவே இருந்தது. 2018 மார்ச்சில் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. 2020 மார்ச்சில் ஆதரவும் முடிந்தது. கட்டியவர்கள் தங்கள் எச்.ரி.எம்.எல். கோப்புகளை எடுத்துச் செல்ல முடிந்தது என்பது மட்டுமே ஆறுதல். தளங்கள் உயிரோடிருந்தன, அவற்றைத் திருத்தும் கருவி இல்லாது போயிற்று.

இனி இன்று கடைவீதியில் இருப்பவற்றுக்கு வருவோம்.

ஸ்குவேர்ஸ்பேஸ் இவற்றில் மூத்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழக மாணவரான அந்தனி கசலேனா தமக்கு ஒரு தளம் வேண்டுமென்று எழுதத் தொடங்கி, 2004இல் தொடக்கிய சேவை அது. நல்ல அச்சகத்தின் மாதிரிப் புத்தகம் போன்றது. தந்த வார்ப்புருக்களுக்குள் நின்றால் எதுவும் அலங்கோலமாகாது. அவற்றை மீற நினைத்தால் சிரமம். விக்ஸ் 2006இல் இஸ்ரவேலில் தொடங்கியது. முதலில் ஃப்ளாஷில் இயங்கி, ஆபத்தை உணர்ந்து 2012இல் எச்.ரி.எம்.எல்.5க்கு மாறித் தப்பியது. அதன் பழைய தொகுப்பான் தாள் முறையையே பின்பற்றியது. நினைத்த இடத்தில் எதையும் வைக்கலாம், கைபேசித் தோற்றத்தை மீண்டும் ஒழுங்கு செய்யவேண்டும். வடிவமைப்பாளர்களுக்கென 2023இல் விக்ஸ் ஸ்ரூடியோ என்ற வேறொரு தொகுப்பானைக் கொண்டுவந்தார்கள் என்பதே பழையதன் எல்லையை அவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

வெப்ஃப்ளோவின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. விளாட் மக்தாலின் ரஷ்யாவிலிருந்து அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக அமெரிக்கா சென்றவர். செய்வது உடனுக்குடன் கண்முன் தெரியவேண்டும் என்பதை வலியுறுத்தி பிரெற் விக்ரர் 2012இல் ஆற்றிய ஓர் உரையே தம்மைத் தூண்டியதாக அவர் கூறியிருக்கிறார். சகோதரர் சேர்ஜியுடனும் பிறையன்ற் சோவுடனும் சேர்ந்து 2013இல் அதனை வெளியிட்டார். இக்கருவியின் சிறப்பு, அது தாள் என்று நடிப்பதில்லை. பக்கமென்பது ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் அகலம், இடைவெளி, ஒழுங்கு ஆகிய தன்மைகள். வலப்பக்கப் பலகையில் காண்பவை சி.எஸ்.எஸ். தன்மைகளே, கட்டளையாகத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக விசையை அழுத்துகிறோம், அவ்வளவுதான். ஆகையால் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் மூன்று நாட்கள் எரிச்சல் வரும். ஆனால் கற்றது வீண்போவதில்லை. நாளை இக்கருவி இல்லாதுபோனாலும் பக்கம் எவ்வாறு நிற்கிறது என்ற அறிவு கையிலிருக்கும்.

ஃப்ரேமர், அம்ஸ்ரடாமில் கூன் பொக், யோர்ன் வான் டைக் இருவரும் செயலிகளின் மாதிரி வரைவதற்காகத் தொடங்கிய கருவி. 2022இல்தான் தளம் கட்டும் தொழிலுக்கு முழுமையாக மாறியது. வரைபலகையில் பழகிய கைக்கு அதுவே விரைவானது, அசைவுகளும் அழகானவை. 2025இல் ஃபிக்மாவும் இதே சந்தைக்குள் வந்திருக்கிறது. வந்தவுடனேயே அது உருவாக்கும் கட்டளைகளின் தரத்தைப் பற்றிக் கடும் விமர்சனங்கள் எழுந்தன. ஃப்ரண்ட்பேஜ் காலத்துக் குற்றச்சாட்டை முப்பது வருடங்களின் பின் மீண்டும் வாசிப்பதுபோல் இருந்தது. வேர்ட்பிரஸ்ஸின் மேல் எலிமென்டர் போன்ற நீட்சியைப் பொருத்திக் கட்டுவது இன்னொரு வழி. மென்பொருள் கட்டற்றது, எங்கும் கொண்டுசெல்லலாம். ஆனால் ஓயாமல் இற்றைப்படுத்திக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்.

இவற்றுள் எது நம்மை வெளியே போக விடும்? விக்ஸும் ஃப்ரேமரும் தளத்தைத் தம் வழங்கியிலேயே வைத்திருக்கின்றன, பக்கங்களை எச்.ரி.எம்.எல். கோப்புகளாக எடுத்துச்சென்று வேறிடத்தில் நிறுத்த வழி தருவதில்லை. ஸ்குவேர்ஸ்பேஸ் எழுத்துகளில் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் ஏற்கும் வடிவில் தருகிறது. வடிவமைப்பு கூட வராது. வெப்ஃப்ளோ கட்டணத் திட்டங்களில் பக்கங்களின் எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., படங்கள் ஆகியவற்றைப் பொதியாக இறக்க விடுகிறது. தரவுத்தொகுப்பிலிருந்து தானே விரியும் பக்கங்களும் படிவங்களும் அப்பொதியில் இயங்கமாட்டா. தரவை மட்டும் தனி அட்டவணைக் கோப்பாக எடுக்கலாம். முழு விடுதலை அல்ல. ஆனாலும் கதவு ஒன்று இருக்கிறது.

தமிழில் செய்பவர்களுக்கு வேறு சில சங்கடங்களும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றிய காலத்தை நாம் கண்டவர்கள். உலாவியுடன் தானே இறங்கும் எழுத்துருக்களை நெட்ஸ்கேப்புக்கு ஒன்றும் எக்ஸ்புளோரருக்கு ஒன்றுமாகச் செய்து பார்த்தோம். ஒருங்குறி வந்து அந்தத் துன்பத்தைத் தீர்த்தது. ஆனால் இக்கருவிகளின் அழகிய வார்ப்புருக்கள் இலத்தீன் எழுத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. வார்ப்புருவின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், உலாவி கணினியிலுள்ள ஏதோவொன்றை எடுத்துப் போட்டுவிடும். பார்த்துப் பார்த்துத் தெரிந்த தோற்றம் அங்கேயே முடிந்தது. நோட்டோ, கட்டமரான், ஹிந்த் மதுரை போன்றவற்றை நாமே குறித்துக் கொடுக்கவேண்டும். பேரெழுத்துத் தலைப்பு நமக்கில்லை. சாய்வெழுத்தைக் கேட்டால் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளியதுபோல வரும். வரிகளுக்கிடையே இலத்தீனைவிடக் கூடுதல் இடம் வேண்டும். தமிழ்ச் சொற்களின் நீளத்தால் கைபேசியில் பெரிய தலைப்புகள் ஓரத்தை முட்டும். தலைப்பு எழுத்தெழுத்தாக வந்து விழும் அசைவு இப்போது நாகரிகம். ஒருங்குறிப் புள்ளிகளாக வெட்டும் நிரலாயின் 'கொ' என்பது 'க' தனி, கொம்பும் காலும் தனியெனச் சிதறும். சொல் சொல்லாக அசையவிட்டால் பிரச்சினை இல்லை.

நான் அவளுக்கு எழுதியது இதுதான்: வெப்ஃப்ளோவைப் பழகு. தரவுத்தொகுப்பைப் பாவிக்காமல் சாதாரணப் பக்கங்களாகவே கட்டு. வாரமலர் ஆண்டுக்கு ஒரு பக்கமென்றால் இருபது பக்கங்களுக்குள் முடியும். ஒவ்வொரு முறையும் திருத்திய பின் பொதியை இறக்கி உன்னிடமும் உன் தம்பியிடமும் வை. தளப்பெயரை உன் பெயரிலேயே வேறிடத்தில் பதிவு செய். படக்குறிப்புகளை முதலில் சாதாரண உரைக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகே தளத்தில் இடு. பொறுமை இல்லையென்றால் ஸ்குவேர்ஸ்பேஸுக்குப் போ, ஆனால் உரைக் கோப்பை மட்டும் விடாதே.

அப்பா எழுதிய குறிப்புகளின் முதற் பக்கம் மட்டும் இணைய ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது. பதினொரு படங்களுக்கானவை. மிகுதிக்கு நானும், ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர் ஒருவரும், பழைய வாரமலர்க் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை எண்பத்துநான்கு.

போன வாரம் அவளிடமிருந்து மறுபடி ஒரு கேள்வி. அப்பா கையால் வரைந்த தலைப்புகளில் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவத்தில் இருக்கின்றனவாம். தான் பார்த்த எந்த எழுத்துருவிலும் அவை இல்லையாம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பின்பும் அவர் கடைசிவரை அப்படியே வரைந்தவர். ஒருங்குறியில் பழைய வடிவத்துக்கெனத் தனி இடம் இல்லை. இரண்டும் ஒரே எழுத்துத்தான், எழுத்துருவைப் பொறுத்தே தோற்றம். ஆகவே தலைப்புகளை எந்த அளவிலும் மங்காத கோட்டுப்படமாக மாற்றி இடும்படியும், தேடுபவர்களுக்காகவும் திரைவாசிப்பான் பாவிப்பவர்களுக்காகவும் படத்தின் மாற்று உரையில் அதே தலைப்பைத் தட்டச்சு செய்து வைக்கும்படியும் எழுதினேன். முதலாவதை நேற்று அனுப்பியிருந்தாள். கைபேசியில் திறந்து பார்த்தேன். தலைப்பு ஓரத்தை முட்டவில்லை.